தண்டலத்தில் ஒரு ரீம் தாள்: அலுவலகப் பொருள் வாங்குவதும் பேணுவதும்

தண்டலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், மருத்துவக் கல்லூரியையும் பொறியியல் கல்லூரிகளையும் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலை மேற்கே இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறது. அங்கே 1998 முதல் ஹூண்டாய் கார் தயாரிக்கிறது. இன்னும் போனால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். தெற்கே திரும்பினால் ஒரகடத்தில் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். இந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவே, உற்றுப் பார்த்தால்தான் போர்டு தெரிகிற சின்னச் சின்ன ஆலைகள் ஏராளம். தகடு அடிப்பவர்கள், பிளாஸ்டிக் வார்ப்பவர்கள், வயர் கட்டுபவர்கள், அட்டைப்பெட்டி செய்பவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அப்படி ஓர் ஆலையின் ஸ்டோரில் சில வருடம் சாவிக்கொத்தோடு இருந்தவன் நான். அங்கே பிடித்துக்கொண்ட ஒரு கேள்வி இன்னும் விடவில்லை.

கார் ஆலைக்கு சீட், கண்ணாடி, டயர் எல்லாம் நேரம் குறித்து வருகின்றன. முன்கூட்டி வந்தால் வைக்க இடமில்லை, தாமதமாக வந்தால் லைன் நிற்கும். அந்த ஒழுங்கை இந்த வட்டாரம் இருபத்தைந்து வருடத்தில் கைவசப்படுத்திக்கொண்டது. ஆனால் அதே வளாகத்தில் மாதக் கடைசி நாள் கணக்குப் பிரிவின் பிரின்டரில் தாள் இருக்காது. யாரோ ஒரு பையன் பைக்கை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவான். இரண்டு ரீம் வாங்கி, கைப்பணம் கொடுத்து, பில்லைச் சட்டைப் பையில் மடித்து வைப்பான். அந்தப் பணம் அவனுக்குத் திரும்பி வர இரண்டு வாரம் ஆகும். பெரிய பாகத்தை நிமிடக் கணக்கில் நிர்வகிக்கத் தெரிந்த இடத்தில், பேனாவும் தாளும் ஏன் இப்படி அனாதையாகின்றன?

முதலில், அலுவலகப் பொருள் என்று எதைச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். தாள், பேனா, ஸ்டேப்ளர் பின், பாக்ஸ் ஃபைல், டோனர் என்றுதான் பட்டியல் தொடங்கும். ஆலையில் அது அங்கே முடிவதில்லை. உற்பத்தித் தளத்தில் தொங்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு டேக், பாகத்தின் மேல் குறியிடும் பெயிண்ட் மார்க்கர், பெட்டியில் ஒட்டும் பார்கோடு லேபிள், அந்த லேபிளை அச்சிடும் ரிப்பன் எல்லாம் பெரும்பாலான கம்பெனிகளில் ஸ்டேஷனரி தலைப்பில்தான் வாங்கப்படுகின்றன. உற்பத்திக்கு வேண்டிய மூலப்பொருளாக அவற்றை யாரும் எண்ணுவதில்லை. சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு மாதக் கடைசி இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சரக்கு தயார். லாரி டாக்கில் நிற்கிறது. கடைசி நாற்பது பெட்டிக்கு லேபிள் அடிக்கும்போது ரிப்பன் தீர்ந்தது. ரேக்கில் ரிப்பன் அட்டைப்பெட்டி இருந்தது. கையில் எடுத்தால் வெறும் பெட்டி. கடைசி ரிப்பனை எடுத்தவர் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். லேபிள் இல்லாமல் போனால் வாடிக்கையாளரின் கேட்டில் சரக்கை இறக்கவே மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? பக்கத்து ஆலையின் ஸ்டோர் கீப்பரை எழுப்பி, ஒரு ரிப்பன் கடன் வாங்கி, பன்னிரண்டரைக்கு லாரியை அனுப்பினோம். சில நூறு ரூபாய்ப் பொருள் சில லட்ச ரூபாய்ச் சரக்கை நிறுத்தி வைத்தது. அன்றிலிருந்து நான் எந்தப் பொருளையும் விலையை வைத்து மட்டும் மதிப்பதில்லை. அது இல்லாவிட்டால் எது நிற்கும் என்றுதான் பார்ப்பேன். மருத்துவமனைகளில் மருந்து இருப்பை உயிர்காப்பது, அவசியமானது, இருந்தால் நல்லது என்று மூன்றாகப் பிரிப்பார்கள். தண்டலத்தின் ஆலைகளுக்கும் அந்தப் பிரிவுதான் பொருந்தும்.

இப்படிப் பார்த்தால் ஸ்டேஷனரி அலமாரியிலேயே மிக மதிப்புள்ள பொருள் ஒரு மெல்லிய புத்தகம். நம்பர் போட்டு அச்சடித்த டெலிவரி சலான் (டிசி) புத்தகம். இந்த வட்டாரம் உயிர் வாழ்வதே ஜாப் வொர்க்கில். ஓர் ஆலை தகடு வெட்டும், இன்னொன்று பூச்சுப் பூசும், மூன்றாவது பொருத்தும். சரக்கு விற்பனையாகாமலே கை மாறிக்கொண்டிருக்கும். அதற்கெல்லாம் துணை டிசிதான். ஜிஎஸ்டி விதி 55 அதை மூன்று பிரதியாகக் கேட்கிறது: முதல் பிரதி பெறுபவருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது அனுப்புபவருக்கு. எண் வரிசை அறுபடக் கூடாது. மாதாந்தரக் கணக்கில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பயன்படுத்தினோம், எத்தனை ரத்து என்று காட்ட வேண்டும். ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள், இயந்திரமாக இருந்தால் மூன்று வருடத்துக்குள் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரி கட்ட நேரும். அப்படியிருக்க, ஒரு டிசி புத்தகம் காணாமல் போவது பத்துப் பெட்டித் தாள் காணாமல் போவதைவிடப் பெரிய விஷயம். ஆனால் நான் பார்த்த பல அலுவலகங்களில் பேனா பெட்டிக்குப் பூட்டு இருந்தது. டிசி புத்தகம் செக்யூரிட்டி மேசையில் திறந்து கிடந்தது. கம்ப்யூட்டரில் டிசி போடும் ஆலைகள் கூடிவிட்டன என்பது உண்மை. கரண்ட் போனாலோ சர்வர் நின்றாலோ அவர்களும் கைப்புத்தகத்தைத்தான் தேடுகிறார்கள்.

தாளுக்கு வருவோம். ஏ4 என்பது 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். ஒரு சதுர மீட்டரை நாலு தரம் மடித்தது போல, பதினாறில் ஒரு பங்கு. 75 ஜிஎஸ்எம் என்றால் சதுர மீட்டருக்கு 75 கிராம். அப்படியானால் ஒரு தாள் 4.7 கிராமுக்குச் சற்றே குறைவு, 500 தாள் கொண்ட ரீம் ஏறத்தாழ 2.34 கிலோ. இந்தக் கணக்கைச் சொல்லக் காரணம் உண்டு. 75 என்று விலை பேசி 70 இறங்குவது நடக்கும். 70 ஜிஎஸ்எம் ரீம் 2.19 கிலோதான் வரும். ஸ்டோரில் ஒரு தராசு இருந்தால் போதும், வாக்குவாதமே வேண்டாம். வந்த பெட்டியில் ஒரு ரீமை எடுத்துத் தராசில் வைப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே தன் கடையிலும் தராசு வைத்தார், மொத்த வியாபாரியிடம் வாங்கும்போது அவருக்கும் அது உதவியது.

தாளில் நமக்குச் சொந்தப் பெருமையும் உண்டு. 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் எடுக்கிறது. சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற சக்கை, இங்கே அலுவலக மேசையில் வெள்ளைத் தாளாக வந்து உட்காருகிறது. பள்ளிபாளையத்தின் சேஷசாயி ஆலையும் பழைய பெயர். பிளாஸ்டிக், தகடு, மின்சாதனப் பாகம் என்று தூர தேசத்துப் பொருளுக்குக் காத்திருக்கும் இந்த வட்டாரம், தாளுக்கு மட்டும் சொந்த மாநிலத்தை நம்பலாம்.

தாளுக்கு எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது தரையோடு தரையாக அடுக்கிய பெட்டிகளின் அடித்தாள் அலை அலையாக வளையும். பிரின்டரில் போட்டால் மாட்டிக்கொள்ளும். மெக்கானிக்கை அழைப்பார்கள், அவர் ரோலரைத் துடைத்துவிட்டுப் போவார், மறுநாளும் மாட்டும். மிஷின் சரியாகத்தான் இருக்கும். ஈரம் தாளில் இருக்கும். மரப் பலகைமேல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினால் பாதிப் பிரச்சினை போய்விடும். செம்பரம்பாக்கம் ஏரி தண்டலத்துக்குப் பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வட்டாரத்தின் பெரிய கார் ஆலைகளே உற்பத்தியை நிறுத்தின. அந்த அனுபவத்துக்குப் பிறகும் பழைய கணக்குக் கோப்புகளைத் தரைத்தளத்தின் கடைசி அறையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிச் சட்டம் 2013 கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுக்குப் பேணச் சொல்கிறது. ஜிஎஸ்டி 72 மாதம் கேட்கிறது. வைக்கத்தான் வேண்டும் என்றால் மேல்தட்டில் வையுங்கள்.

கணக்கு என்றதும் இந்த மாவட்டத்தின் இன்னொரு மூலை நினைவுக்கு வருகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையை எல்லாரும் சொல்வார்கள். அதே கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்று விலக்குவதை அதிகம் பேர் சொல்வதில்லை. பொதுப் பொருளைக் கையாள்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நினைப்பு நமக்கு இறக்குமதியானது அல்ல.

இனி வாங்கும் பாதை. ஒரு பெட்டித் தாள் வேண்டும் என்றால், கேட்பவர் இண்டென்ட் எழுதுவார். துறைத் தலைவர் கையெழுத்து. ஸ்டோரில் இருப்பு இல்லை என்று முத்திரை. பர்ச்சேஸ் மூன்று கொட்டேஷன் வாங்கும். ஒப்பீட்டுத் தாள், பிஓ என்ற கொள்முதல் ஆணை, மேலாளர் ஒப்புதல். கடைக்காரர் வண்டியில் கொண்டுவருவார்; கேட்டில் இன்வார்ட் சீல்; ஸ்டோரில் எண்ணி ஜிஆர்என் என்ற சரக்கு வரவுச் சீட்டு; பில் கணக்குப் பிரிவுக்குப் போகும்; பிஓ, ஜிஆர்என், பில் மூன்றும் பொருந்த வேண்டும்; அதன்பிறகு தவணை எண்ணத் தொடங்கும். எஃகுச் சுருள் வாங்க அமைத்த பாதை இது. எஃகுக்கு இது தேவை. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்த் தாளையும் அதே பாதையில் நடக்கவிட்டால், ஏழெட்டுப் பேரின் நேரம் தாளின் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். பாதை நீளம் என்பதால் மக்கள் குறுக்கு வழி தேடுகிறார்கள். ஜெராக்ஸ் கடைக்கு ஓடும் பையன் அங்கேதான் பிறக்கிறான்.

அரசு விதிகள் இந்த இடத்தில் தனியாரைவிடத் தெளிவாக இருந்தன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2017இல் வெளியான மத்திய அரசின் பொது நிதி விதிகள், 25,000 ரூபாய் வரையான பொருளைக் கொட்டேஷன் இல்லாமல் வாங்க அனுமதித்தன. வாங்குபவர், தரமும் விலையும் நியாயம் என்று தானே திருப்தியடைந்ததாகக் கையெழுத்திட்டால் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் இரண்டரை லட்சம் வரை ஒரு கொள்முதல் குழு கடைவீதியில் விசாரித்து வாங்கலாம் என்றிருந்தது. 2016இல் வந்த ஜெம் இணையச் சந்தை பெரும்பாலான அரசுக் கொள்முதலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை என்று ஒரு தனித் துறையே அரசு அலுவலகங்களின் தாளையும் படிவத்தையும் கவனிக்கிறது. எழுதுபொருளுக்கு ஒரு துறை வேண்டுமா என்று கேட்பவர்கள், ஒரு தாலுகா அலுவலகத்தில் படிவம் தீர்ந்த நாளில் வரிசையில் நின்று பார்க்க வேண்டும். நான் சொல்ல வருவது இதுதான்: சின்னக் கொள்முதலுக்குச் சின்னப் பாதை, அதில் ஒருவருடைய பெயரும் பொறுப்பும். தனியார் ஆலைகள் இதை எழுத்தில் வைத்துக்கொள்ளத் தடையே இல்லை. சில ஆலைகள் வருடத்துக்கு ஒருமுறை விலை பேசி ரேட் கான்ட்ராக்ட் போட்டு, மாதா மாதம் ஒரு போன் அல்லது வாட்ஸ்அப் செய்தியில் சரக்கு வரவழைக்கின்றன. என் அனுபவத்தில் அதுவே சிறந்த வழி.

எவ்வளவு வாங்குவது என்பதற்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது. 1913இல் ஃபோர்ட் விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஓர் ஆலை ஒரே தடவையில் எத்தனை பாகம் செய்ய வேண்டும் என்று கேட்டு ஒரு சூத்திரம் கொடுத்தார். அடிக்கடி வாங்கினால் வாங்கும் செலவு ஏறும். மொத்தமாக வாங்கினால் வைத்திருக்கும் செலவு ஏறும். இரண்டும் சமமாகும் இடமே சரியான அளவு. நம் ஆலைக்குப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 240 ரீம் ஆகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆட்களின் நேரம், கேட், பில் எல்லாம் சேர்த்து 300 ரூபாய். ரீம் 250 ரூபாய்; முடங்கிய பணம், இடம், ஈரத்தில் கெடுவது என்று வருடத்துக்கு ரீமுக்கு 50 ரூபாய். 2ஐயும் 240ஐயும் 300ஐயும் பெருக்கி, 50ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 54 வருகிறது. அதாவது பத்து ரீம் பெட்டியாக ஐந்து பெட்டி, வருடத்துக்கு ஐந்து தடவை. எடை ஏறத்தாழ 117 கிலோ. ஒரு சின்ன மரப் பலகையில் அடங்கும். மாதா மாதம் இரண்டு பெட்டி வாங்குவதும், ஒரே தடவையில் வருடத்துக்கு வாங்கிக் குவிப்பதும் இரண்டுமே நட்டம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. எண்களை உங்கள் அலுவலகத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒன்று கவனியுங்கள்: ஆர்டர் செலவை 300இலிருந்து 75ஆகக் குறைத்தால் வாங்கும் அளவு பாதியாகிறது. பாதையைச் சுருக்கினால் அலமாரியும் சுருங்கும்.

எப்போது வாங்குவது என்பதற்கு விடை இந்த வட்டாரத்தின் ஒவ்வொரு அசெம்ப்ளி லைனிலும் கண்முன் தொங்குகிறது. ஜப்பானின் டொயோட்டா ஆலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பன் அட்டை. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் தட்டிலிருந்து சரக்கு குறைந்தால் மட்டும் நிரப்புகிறார்கள் என்பதிலிருந்து அவர் அந்த யோசனையை எடுத்தார். அப்படியானால் கான்பன் முதலில் கடைத்தட்டின் பழக்கம். பிறகுதான் கார் ஆலைக்கு வந்தது. ஸ்டேஷனரி அலமாரிக்கு அதைத் திருப்பிக் கொண்டுவருவது ஒன்றும் கடினமில்லை. வாரத்துக்கு ஐந்து ரீம் ஆகிறது, சொன்னால் சரக்கு வர இரண்டு வாரம், அவசரத்துக்கு ஐந்து கூடுதல். ஆக, பதினைந்து ரீம் மிஞ்சும் இடத்தில் ஒரு சிவப்பு அட்டை. மேலே உள்ளதை எடுத்து அட்டை தெரிந்தவுடன், எடுத்தவர் அதைக் கதவின் கொக்கியில் மாட்டுகிறார். காலையில் ஸ்டோர்காரர் கொக்கியைப் பார்க்கிறார். சாஃப்ட்வேர் வேண்டாம். பேனா, பின், ரிப்பன் எல்லாவற்றுக்கும் இரண்டு டப்பா: முன் டப்பா தீர்ந்தால் பின் டப்பாவை எடு, காலி டப்பாவைக் கொக்கிக்கு அனுப்பு. ரிப்பன் தீர்ந்த அந்த இரவில் எனக்கு இந்த இரண்டாவது டப்பா இருந்திருந்தால் பக்கத்து ஆலைக்காரரின் தூக்கம் கெட்டிருக்காது. ஆலைக்குள் ஃபைவ் எஸ் பலகை மாட்டி, தளத்தில் மஞ்சள் கோடு போட்டு, ஸ்பானருக்கு நிழல் வரைந்து வைத்திருப்பவர்கள் அலுவலகக் கதவைத் தாண்டியதும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள்.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பேனா வீட்டுக்குப் போகிறது, நோட்டுப் பள்ளிக்குப் போகிறது என்பது எல்லா மேலாளரின் புகார். ஜூன் மாதம் நோட்டுக் கேட்பவர் கூடுவார் என்பதும் உண்மை. அதைத் தடுக்க எல்லாவற்றையும் பூட்டி, பழைய ரீஃபிலைக் கொடுத்தால்தான் புதிய ரீஃபில் என்று விதி போட்ட இடத்தில் வேலை செய்திருக்கிறேன். அங்கே ஒவ்வொருவரும் தன் மேசையில் ஐந்தாறு பேனா பதுக்கினார்கள். பூட்டு பற்றாக்குறை பயத்தை உண்டாக்குகிறது; பயம் பதுக்கலை உண்டாக்குகிறது. ஸ்டோரில் இருப்பு குறைவு, மேசைகளில் இருப்பு மிகுதி, கணக்கில் இரண்டுமே தெரியாது. விலை குறைந்த பொருளைத் திறந்து வைக்க வேண்டும். டோனர், கால்குலேட்டர், பென்டிரைவ், ரப்பர் ஸ்டாம்ப், எண் போட்ட புத்தகம் இவற்றைப் பூட்டி, பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். என் தீர்ப்பு இதுதான். பேனா கொண்டுபோகும் தொழிலாளியைத் திருடன் போலப் பார்ப்பதால் மிச்சமாகும் பணத்தைவிட, அந்தப் பார்வையால் போகும் மரியாதை பெரிது.

எங்கே வாங்குவது? பாரிமுனையின் ஆண்டர்சன் தெருவும் பந்தர் தெருவும் தாளுக்கும் ஸ்டேஷனரிக்கும் தலைமுறை தலைமுறையாக மொத்தச் சந்தை. தண்டலத்திலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர். அச்சடித்த புத்தகமும் டைரியும் சிவகாசியிலிருந்து வரும். அவசரத்துக்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே சிறு அச்சகங்கள் உண்டு. இணையக் கடைகள் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகின்றன. விலை ஒப்பிட இணையம் நல்லது. ஆனால் தவறான லேபிள் வந்தால் மாற்ற, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு டோனர் கொண்டுவர, பெயர் தெரிந்த ஒருவர் வேண்டும். நெடுஞ்சாலையோரக் கடைக்காரர் டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு கேட்டில் வந்து நின்று, பாதுகாப்புக்காரரிடம் பதிவேட்டில் எழுதி, ஸ்டோர் திறக்கும்வரை வேப்பமரத்தடியில் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்கு யாரும் விலை போடுவதில்லை.

தொடக்கத்தில் சொன்ன கல்லூரிகளின் தேவை வேறு மாதிரி. விடைத்தாள், அங்கீகாரக் குழு வருமுன் குவியும் கோப்பு என்று பருவம் பார்த்து ஏறி இறங்கும். மருத்துவமனைக்குக் கேஸ் ஷீட் நிற்காத ஓடை. உள்நோயாளியின் பதிவேட்டை மூன்று வருடம் பேண வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. படிவம் மாறும்போது பழையதை எத்தனை ஆயிரம் அச்சடித்து வைத்திருக்கிறோம் என்று பார்க்காமல் புதிதுக்கு ஆர்டர் போவது இரண்டு இடத்திலும் உள்ள வியாதி.

வரிக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், அழிப்பான், பயிற்சி நோட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி. ஆனால் மற்ற எழுது தாளுக்கும் அச்சுத் தாளுக்கும் 12 விழுக்காடு 18 ஆயிற்று. 250 ரூபாய் ரீமுக்கு 45 ரூபாய் வரி. கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கினால் அது வரவாகத் திரும்பும். பையன் கைப்பணத்தில் வாங்கிய ரீமில் அது போயே போயிற்று. மேலே சொன்ன 240 ரீமும் அப்படி வாங்கினால் வருடத்துக்கு 10,800 ரூபாய். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடையிடம் வாங்கினாலும் வரவு கிடையாது. அவர் வரி வசூலிப்பதில்லை என்பதால் விலையில் அது தெரிய வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒப்பிடாமல் சிறு கடையை ஒதுக்குவது சரியல்ல.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் வருத்தும் இடம் பணம் கொடுப்பது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம், சிறு தொழிலுக்கு எப்படிப் பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்கச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டுவட்டி. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரியில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்து, நாள் தவறிய தொகையை, அதைக் கொடுக்கும் வருடம்வரை செலவாகக் கழிக்கவிடாமல் செய்தது. அதன்பின் இந்த வட்டாரத்தின் கணக்குப் பிரிவுகள் மார்ச் மாதத்தில் சிறு தொழில் பில்களைத் தேடித் தேடிக் கொடுக்கின்றன. ஆனால் இந்தக் குடை யாருக்கு? டிசி புத்தகம் அச்சடித்த சிறு அச்சகம் உற்பத்தியாளர்; அவருக்கு உண்டு. தாள் கொண்டுவந்த கடைக்காரர் வியாபாரி. 2021 ஜூலை 2 அன்று சில்லறை, மொத்த வியாபாரிகளையும் எம்எஸ்எம்இ பட்டியலில் சேர்த்தார்கள். வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவருக்கு இல்லை. ஒரே மேசையில் இரண்டு பில். ஒன்றுக்குச் சட்டம் காவல், மற்றொன்றுக்குக் கணக்காளரின் மனசாட்சி மட்டும். அறுபது நாள், தொண்ணூறு நாள் என்பது இங்கே சாதாரணப் பேச்சு. கடைக்காரரோ ஆண்டர்சன் தெருவில் ரொக்கத்துக்கு வாங்கி வந்தவர். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோது இந்த வட்டாரம் ஒரே வாடிக்கையாளரை நம்புவதன் ஆபத்தைக் கண்ணால் பார்த்தது. சிறு கடைகள் அதற்கு முன்பும் பின்பும் அந்த ஆபத்திலேயே வாழ்கின்றன.

டோனர் பற்றிச் சுருக்கமாக. எச்பி 88ஏ கார்ட்ரிட்ஜ் 1,500 பக்கம், 12ஏ 2,000 பக்கம் என்பது பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் மை படும் கணக்கு. கட்டம் கட்டமாக நிழலடித்த ரிப்போர்ட் அடித்தால் அது பாதியில் தீரும். டோனர்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலி கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளில் பிரின்டரும் கார்ட்ரிட்ஜும் அடங்கும். காகிதமே வேண்டாம் என்ற பேச்சு இருபது வருடமாகக் கேட்கிறது. பில்லும் ஈ-வே பில்லும் திரைக்குப் போனது உண்மை. ஆனால் கேட்டில் இன்னும் காகிதப் பிரதி கேட்கிறார்கள், லேபிள் இன்னும் பெட்டியில் ஒட்டப்படுகிறது. குறையும், தீராது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் அலுவலகத்தார் ஒருவரேனும் நாளை காலை இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஸ்டேஷனரி அலமாரியில் ஒரு சிவப்பு அட்டையை வையுங்கள். பிறகு கணக்குப் பிரிவுக்குப் போய், தாள் கொண்டுவரும் கடைக்காரரின் பில் எத்தனை நாளாக அங்கே கிடக்கிறது என்று கேளுங்கள். 45 நாள் தாண்டியிருந்தால், சட்டம் கேட்காவிட்டாலும், அன்றே கொடுத்துவிடுங்கள்.